முதல் தட்டு விழாத பாட்டு

...பதின்மூன்றாவது ஆளும் தேறவில்லை, மணி மூன்று பத்து, நாலு மணிக்கு மகள் கூப்பிடுவாள், அதாவது ஐம்பது நிமிடத்துக்குள் ரெகே என்கிற இந்த ஜமைக்காப் பாட்டில் எனக்கு ஒரு பாடகரைப் பிடித்தாக வேண்டும், பிடித்த மாதிரி நடித்தால் செல்லாது, நான் தும்மினால்கூட அது நிஜத் தும்மலா பேச்சை மாற்றுகிற தும்மலா என்று போனிலேயே கண்டுபிடிக்கிறவள் அவள்... ரெக்கார்டுக் கடைக்காரர் பில்லின் பின்பக்கத்தில் பத்தொன்பது பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார், அந்தப் பெயர்களை நான் இங்கே சொல்ல மாட்டேன், அவர்களுக்குக் கோடிக்கணக்கில் ரசிகர்கள், ஆளுக்கொரு கல் எறிந்தால் எங்கள் தெருவே மலையாகிவிடும். முதலாமவர் அழுதார். இரண்டாமவர் மிரட்டினார். மூன்றாமவர் காதலியை நினைத்துப் பாடினாரா, காணாமல்போன செருப்பை நினைத்துப் பாடினாரா, தெரியவில்லை. ஐந்தாமவர் ஒரே வரியை இருபத்தேழு தடவை பாடினார், எண்ணினேன், இருபத்தெட்டாவது தடவை நானும் சேர்ந்து பாடிவிட்டேன், பிடித்தல்ல, தப்பிக்க வழியில்லாமல். எட்டாமவர் பாட்டில் ஒரு சொல் படிக்கட்டில் உருண்ட பாத்திரம் மாதிரி போய்க்கொண்டே இருந்தது, எப்போது நிற்கும் என்று நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன், நிற்கவில்லை, பாட்டுத்தான் முடிந்தது. “ஏங்க, அந்தாளுக்கு வயித்து வலியா? அரை மணி நேரமா முனகுறாரே” என்கிறாள் மனைவி, சமையலறையிலிருந்து. அது பாட்டு என்றேன். “நீங்க சொன்னா சரி” என்றாள், நாற்பத்தாறு வருஷமாக என்னை எதற்குமே நம்பாதவள் சொல்கிற அந்த ‘சரி’.

தப்பு என் வாயில்தான், வேறு எங்கே இருக்கும், போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள், ஸ்பீக்கரில், மூன்று வருஷமாக நான் மகளின் குரலைக் கேட்பது அந்த ஸ்பீக்கர் வழியாகத்தான், பேப்பர் படிக்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன், பேப்பர் தலைகீழாக இருந்தாலும் எனக்குத் தெரியாது. ரெகே கச்சேரிக்காக எங்கேயோ போகப் போகிறோம் என்று அவள் சொன்னாள், உடனே எனக்குள் என்ன புகுந்ததோ, “நானும் இப்ப ரெகேதான் கேக்குறேன், ரெகே இல்லாம எனக்குத் தூக்கமே வர்றதில்ல!” என்று கத்திவிட்டேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் சுவரில் விரிசல் விழுந்திருக்கும். பிறகு மகள் சொன்னாள், என்னிடம் அல்ல, அம்மாவிடம்: “அம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அவர்கிட்ட பேசுறேன்னு சொல்லு. ஒருத்தர் போதும், அவருக்கு நெஜமாவே பிடிச்ச ஒருத்தர். எல்லாரும் டீ-ஷர்ட்ல படம் போட்டுக்கிட்டுத் திரியற அந்த ஆள் வேணாம். யாரும் இல்லன்னா பரவால்ல, ஆனா இனிமே அவர் பேச்ச என்கிட்ட எடுக்காத.” எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வரும் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை... ஒன்பதாமவரை மறுபடி போடலாமா, வேண்டாம், அவர் மூக்கை மூடிக்கொண்டு பாடுகிறார், மணி மூன்று இருபத்திரண்டு.

அப்படி என்னதான் செய்துவிட்டேன் என்று கேட்டால், ரிப்போர்ட் கொடுத்தேன். முப்பத்துநாலு வருஷம் காகித ஆலையில் எந்திரங்களுக்குக் காது கொடுத்தவன் நான், நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை எந்திரத்தின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டால், உள்ளே எந்த பேரிங் எப்போது உடையும் என்று சொல்லிவிடுவேன், ‘ஸ்டெதாஸ்கோப்’ என்றுதான் ஆலையில் எனக்குப் பெயர், நான் காது வைத்தால் பாம்பு நடப்பதுகூடக் கேட்கும் என்பார்கள், கேட்டதில்லை, ஆனால் மறுத்ததுமில்லை. மூன்று வருஷத்துக்கு முன், மகள் பேஸ் கிட்டார் வாசிக்கிற குழுவின் முதல் நிகழ்ச்சி, சின்ன அரங்கம், முதல் வரிசையில் நான். நாலு தட்டில் முதல் தட்டு விழவில்லை. அடுத்த நாலிலும் விழவில்லை. ஒரு மணி நேரம் நான் பட்ட பாடு... பல் உடைந்த சக்கரம் ஓடிக்கொண்டிருக்கிறது, கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கிறது, நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. “எப்படிப்பா இருந்துச்சு?” என்று வேர்வையோடு ஓடி வந்து கேட்டாள், கூட நாலு பேர் நின்றார்கள். முதல் தட்டு வரவே இல்லையே, நீதான் விடுகிறாய் என்று நினைக்கிறேன் என்றேன். அத்தோடு விட்டேனா, பழக்க தோஷம், மறுநாள் இரண்டு பக்கம் டைப் அடித்துக் கையில் கொடுத்தேன், ‘கண்ட குறைகள்: பதினொன்று’. ரெகே என்றால் அந்த முதல் தட்டை வேண்டுமென்றே விழாமல் விடுவதுதான் என்று போன மாதம்தான் கடைக்காரர் சொல்லித் தெரிந்தது, “சார், அந்தக் காலி இடத்துலதான் சார் பாட்டே இருக்கு” என்றார். அவள் அந்த இரண்டு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள், கிழித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கிழிக்கவில்லை.

மூன்று முப்பத்தெட்டு. பதினாலாவது, ஒரு அம்மாள், படத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மாதிரி இருக்கிறார், பாட்டு ஆரம்பிக்கும் முன் ஒரு இருமல், அதைக்கூட வெட்டாமல் பதிவில் விட்டிருக்கிறார்கள், இது என்ன பொறுப்பில்லாத்தனம்... பரணிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தேன், ஸ்பீக்கர் பெட்டியின் மேல் முனையை வைத்துக் கைப்பிடியில் காதை வைத்தேன், வேறு எனக்கு என்ன தெரியும். குரல் தூரமாகப் போய்விட்டது. தாளமும் தேய்ந்தது. பேஸ் மட்டும் கைப்பிடி வழியாக எலும்புக்குள் வந்தது, தும்... தும்தும்... பிறகு ஒன்றுமில்லை, விழ வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, நான் விழுந்தேன், மாடியில் கடைசிப் படி இருக்கிறதென்று காலை வைத்தால் இல்லாமல் போகுமே அப்படி, அடுத்த தட்டில் யாரோ தாங்கிப் பிடித்தார்கள், மறுபடி விட்டார்கள், மறுபடி பிடித்தார்கள். “கடவுளே, ஸ்பீக்கருக்கு ஜுரம் பாக்குறீங்களா?” என்று மனைவி வாசலில் நிற்கிறாள், கையில் காப்பி, சும்மா இரு என்று கையைக் காட்டினேன், காப்பியை வைத்துவிட்டுப் போனாளா நின்றாளா தெரியாது. மறுபடி போட்டேன். மறுபடி. நாலாவது தடவையில் இருமலுக்காகக் காத்திருந்தேன் என்று தெரிந்தது, அடுத்து ஒருமுறை போட்டபோது எங்கேயோ வேறொரு மணி அடித்தது, பாட்டில் இல்லாத மணி, எரிச்சலாக வந்தது, யாரது இந்த நேரத்தில்...

“ஏங்க, அவதாங்க!” மனைவி போனை என் காதில் அழுத்துகிறாள், ஸ்பீக்கரில் அல்ல, நேராக. “சொல்லுங்கப்பா, யாரு?” அப்பா என்றாள். அந்தப் பாடகி அம்மாளின் பெயரை எப்படியோ சொன்னேன், தப்பாகத்தான் சொல்லியிருப்பேன். “அவங்களா...” என்றாள், “என்ன பிடிச்சுது?” இதற்கு நான் தயாராகவில்லையே, பெயர்தானே கேட்பாள் என்றிருந்தேன்... நன்றாக ஓடுகிற எந்திரத்தைப் பற்றி முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு வரி எழுதியதில்லை நான், குறையில்லை என்று கோடு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவேன், பிடித்ததை எந்த வார்த்தையில் சொல்வார்கள். “அது... ஆரம்பத்துல இருமுறாங்கம்மா, அத வெட்டல” என்றேன். “ரெண்டாவது சரணத்துல பேஸ் ஒரு மயிரிழை பிந்துது. நடுவுல யாரோ நாற்காலிய நகத்துறாங்க. கடைசில அந்தம்மாவுக்கு மூச்சு பத்தல, கடைசி வார்த்தை பாதியில நிக்குது...” ஐயோ, மறுபடி ரிப்போர்ட் படிக்கிறேனே, அதே குரலில், அதே வரிசையில், மனைவி தலையில் கை வைத்துக்கொள்கிறாள், நிறுத்து, நிறுத்து... நிறுத்தினேன். பிறகு மெல்ல, “அப்புறம்?” என்றாள். கோபமா, கிண்டலா, கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம் என்னம்மா... இந்த நாலும் இல்லாவிட்டால் நான் இந்தப் பாட்டை மறுபடி போட்டிருக்கவே மாட்டேன், இது எனக்கே இப்போதுதான் தெரிகிறது... அப்படியானால் அன்றைக்கு, அந்த அரங்கத்தில், ஒரு தட்டு விடாமல் பதினொன்றையும் மனப்பாடமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேனே, விடிய விடியக் காதில் வைத்துக்கொண்டு கிடந்தேனே, அது பிடித்துப்போனதல்லாமல் வேறு என்ன...