பயறளவு உருண்டை

1984இல் தர்மபுரத்தில் இரசாயனம் படிப்பித்த கமலாசனி, சஞ்சிகையொன்றில் அணுக்கரு இணைவு பற்றி வாசித்தாள். சூரியனில் நடப்பதைப் பூமியில் நடத்திப்பார்க்க, கடுகிலும் சிறிய பிளாஸ்டிக் கோதுகளுக்குள் ஐதரசனை அடைத்து லேசரால் தாக்குகிறார்களாம். நீர்த்துளியைச் சுற்றிப் பிளாஸ்டிக் கரைசல், அதைச் சுற்றி மறுபடி நீர் என்று படைபடையாக அந்தக் கோதை உருவாக்குவார்களாம். கோது எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பாக இருந்தால்தான் சரிவருமாம்.

அவள் பெட்டிகளில் பொதிந்து வரும் வெள்ளை ரெஜிபோமைப் பெயின்ற் தின்னரில் கரைத்தாள். ஊசியால் அதற்குள் நீர்த்துளிகளை விட்டு, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கக் கஞ்சித்தண்ணீர்ப் போத்தலில் ஊற்றினாள். வயலால் வந்த கணவன் அப்புத்துரை எட்டிப் பார்த்தான்.

"இதுக்குள்ள சூரியனைப் பிடிக்கப்போறீரோ?"

"கோது வருதோ எண்டு பாக்கிறன். மணக்குது, யன்னலைத் திறவுங்கோ."

மறுநாள் பார்த்தால், பெரும்பாலானவை ஒட்டிக் கட்டியாகியிருந்தன. தனித்து நின்ற பயறளவு உருண்டையைச் சவரப் பிளேட்டால் வெட்டினாள். நினைத்தபடி உள்ளே வெறுமைதான். ஆனால் ஒருபக்கம் தடிப்பு, மறுபக்கம் வெங்காயச் சருகுபோல மெல்லிசு.

"வந்திட்டுதே! பிறகேன் யோசிக்கிறீர்?"

"துளி ஒருபக்கமாப் போயிட்டுது. காயுமட்டும் போத்தலைச் சரிச்சுச் சுழட்டிக்கொண்டிருந்தா நடுவில நிக்குமோ?"

புதிதாகக் கரைத்து ஊற்றிய போத்தலைப் பின்னேரம்வரை இருவரும் மாறிமாறிச் சுழற்றினார்கள். அடுத்த உருண்டையின் கோது எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே தடிப்பு. கமலாசனி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"இனி இதைக் கடுகளவாக்க வேணும்," என்றாள்.