வாவிக்கு வந்த வங்கி

மழைவெள்ளம் கடலுக்கு ஓட முகத்துவாரம் வெட்டித் திறந்த அந்த மாரியில், இறால் விலை இறங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, கடல் வழியாக ஒரு வங்கி மட்டக்களப்பு வாவிக்குள் வந்து சேர்ந்தது. இரண்டு மாடிக் கட்டடம், பளிங்குப் படிகள், இரும்பு வாசல். கல்லடிப் பாலத்தின் கீழால் அது எப்படி நுழைந்தது என்று விசாரிக்க வந்த பொலிஸார், பாலத்துக்குச் சேதமில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். வவுணதீவுப் பக்கம் சேற்றில் தரைதட்டி நின்ற அதை முதலில் கண்டவர் மீன்பிடிக்கிற யோகராசா. யன்னல் கம்பியில் சிக்கியிருந்த தன் வலையைக் கிழியாமல் கழற்றியெடுத்து, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டுத்தான் அவர் ஊருக்குச் சொன்னார்.

யாரோ கைபேசியில் எடுத்த படம் மத்தியானத்துக்குள் காத்தான்குடிக்குப் போய்விட்டது. முகப்பில் இருந்த எழுத்தைப் பார்த்ததும் பஹீமா தையல் மெசினை விட்டு எழுந்தாள். அது அவள் காசு வைத்திருந்த வங்கி. கணவர் மௌத்தாகி விதவையான பிறகு, கைக்குழந்தையை உம்மாவிடம் விட்டுவிட்டு, வடக்கே ஒரு குளிர் நாட்டுக்குப் போய் உடுப்புத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் தைத்தவள் அவள். விரல் விறைத்தாலும் ஊசி பிசகாமல் தைக்கப் பழகினாள், அந்த நாட்டு மொழியில் சண்டை பிடிக்கவும் பழகினாள், சம்பளத்தில் பாதியை அந்த வங்கியில் போட்டு வந்தாள். காத்தான்குடியில் ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் அவள் பேரில் வீடு வேண்டும். மகள் சப்னாவுக்கான வீடு சுவர் மட்டும் எழும்பி, கூரை போட வேண்டிய வருடத்தில் அந்த நாடு கலைந்தது. வெள்ளிக்கிழமை நாடாளுமன்றம் கடைசியாகக் கூடியது. திங்கட்கிழமை விடிந்தபோது அதே இடத்தில் மூன்று நாடுகள் இருந்தன. மலைகளையும் ரயில்களையும் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொண்டார்கள். சனங்கள் வங்கியில் வைத்திருந்த காசுக்குப் பொறுப்பாக மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. கணக்குகள் முடக்கப்பட்டன. பஹீமா மூன்று நாடுகளையும் கேட்டாள். ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் கேட்கச் சொன்னது. எந்த நாட்டு மண்ணில் நிற்பது என்று தெரியாமல் வங்கி கடலில் இறங்கிவிட்ட விஷயம் அவளுக்கு அப்போது தெரியாது.

யோகராசாவின் தோணியில் போய் இறங்கி, முழங்காலளவு தண்ணீரில் நடந்து அவள் உள்ளே போனபோது, கவுண்டருக்குப் பின்னால் நீலக் கோட்டுப் போட்ட முகாமையாளர் உட்கார்ந்திருந்தார். தாடி நெஞ்சு வரைக்கும் வளர்ந்திருந்தது. கழுத்துப்பட்டி மட்டும் தளரவில்லை. அவளை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். பணம் பத்திரமாகத்தான் இருக்கிறது என்றும், அதைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட நாடுதான் இல்லை என்றும் மிகவும் மரியாதையாகச் சொன்னார். அவள் வாங்கில் உட்கார்ந்தாள். வங்கி மூடும் நேரம்வரை இருந்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை தவிர ஒரு நாளும் அவள் தவறவில்லை. முகாமையாளருக்குச் சோறும் கறியும் கொண்டுபோனாள்; அவர் மிளகாயை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டார். அதே நாட்டில் வேலை செய்து காசு வைத்திருந்த ஏறாவூர் ஆட்களும் வவுணதீவு ஆட்களும் ஒவ்வொருவராக வந்து சேர, வாங்கு நிரம்பி, பிறகு வந்தவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். இப்படி மூன்று மாரி போனது. வங்கியின் அடித்தளத்தைச் சுற்றி இறால் பெருகிப் பிடிபட்டதால் யோகராசா தோணிக்கூலி வாங்குவதை விட்டுவிட்டார். இடையில் ஒருநாள் மட்டும் துடுப்பை நிறுத்திவிட்டு அவர் கேட்டார்.

“தங்கச்சி, நாடே இல்லையாம். மறுகா ஆரிட்டப் போய்க் கேக்கிற? பேசாம விட்டா என்ன?”

“நான் நாட்டுக்குக் குடுக்கல்ல அண்ணன். வங்கியில வெச்ச. நாடு போனாப் போகட்டும், காசு என்டதானே.”

யோகராசா திரும்பவும் துடுப்பைப் போட்டார். சப்னாவுக்குப் பேசியிருந்த ஸியாம் பொறுமையாகத்தான் இருந்தான். அவனுடைய வீட்டார் வேறு இடத்தில் பெண் பார்க்கத் தொடங்கிய செய்தி வந்த அன்றும், பஹீமா தோணியில் ஏறினாள்.

நாலாவது மாரிக்கு முன்னர், மூன்று நாடுகளின் அதிகாரிகளும் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரே படகில் வந்தார்கள். இழுவைப் படகு ஒன்றும் கூட வந்தது. கட்டடம் தங்கள் மூவருக்கும் சொந்தம் என்றார்கள். கணக்குகள் பழைய நாட்டினுடையவை, அந்த நாடு இப்போது இல்லை என்றார்கள். தடித்த கயிற்றை வங்கியின் தூணில் கட்டினார்கள். பஹீமா வாசலில் போய் நின்றுகொண்டு, அவர்களைப் பார்க்காமல் முகாமையாளரைப் பார்த்துப் பேசினாள். அந்த நாட்டு மொழியில் அவள் சொன்னது நம் பேச்சில் இப்படி வரும்:

“என்ட காச எனக்குத் தாறதுக்கு ஆர்ர உத்தரவு வேணும்? வெச்ச நான் உயிரோட இரிக்கன். கடன் வேணாமாம், கட்டடம் மட்டும் வேணுமாம். அப்பிடி ஒரு சட்டம் இரிக்கா? ரெண்டையும் சேத்து எடுக்கிற ஆள்தான் சொந்தக்காரன்.”

முகாமையாளர் அன்றைக்குத்தான் கதிரையை விட்டு எழும்பினார். மூன்று அதிகாரிகளிடமும் தனித்தனியாக, கணக்குகளையும் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டார். மூவரும் இல்லை என்றார்கள். அவர் சாவிக்கொத்தைப் பஹீமாவின் கையில் வைத்தார். அந்த நேரத்தில் தூணில் கட்டியிருந்த கயிறு தானாக அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது. மறுபடியும் கட்டினார்கள், மறுபடியும் அவிழ்ந்தது. அதிகாரிகள் பாசிக்குடாவில் இரண்டு நாள் தங்கிக் கடல் குளித்துவிட்டுத் தங்கள் தங்கள் நாடுகளுக்குப் போனார்கள்.

பெட்டகத்தைத் திறந்தபோது நோட்டுக்கட்டுகள் அடுக்கியபடி இருந்தன. ஆனால் அச்சடித்திருந்த முகங்களும் எண்களும் நாட்டோடு சேர்ந்து போயிருந்தன. எல்லாம் வெறும் தாள். ஏறாவூர்க்காரர் ஒருவர் நிலத்தில் உட்கார்ந்து அழுதார். பஹீமாவுக்கு பதினாறு வருடக் குளிரும் ஒரே தடவையில் முதுகில் ஏறியது போல இருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைக்குக் கீழே சுவர் உறுதியாக இருந்தது. தட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து, கூரையைத் தாங்கிய தேக்கு வளைகளையும் சிவப்பு ஓடுகளையும் பார்த்தாள்.

“அழாதீங்க காக்கா,” என்று அந்த அண்ணனைத் தேற்றினாள். “கட்டடம் நம்மட. கழட்டுவம்.”

யார் எவ்வளவு வைத்திருந்தார்களோ அந்த அளவுக்கு வங்கியைப் பிரித்துக்கொண்டார்கள். முகாமையாளர் கோட்டைக் கழற்றிவிட்டுப் பங்கைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார். பளிங்குப் படிகள் ஏறாவூருக்குப் போயின. இரும்பு வாசல் வவுணதீவில் ஒரு வட்டைக்குப் படலையானது. அந்த வயலுக்குள் இப்போது மாடு வருவதில்லை. முகாமையாளரின் சொந்தச் சேமிப்பும் அதே வங்கியில்தான் முடங்கியிருந்தது என்பது அப்போதுதான் தெரியவந்தது. அவருடைய பங்குக்குக் கவுண்டர் கிடைத்தது. அதைக் காத்தான்குடிப் புடவைக்கடை ஒன்றில் வைத்து, அதற்குப் பின்னாலேயே காசாளராக இருக்கிறார். பஹீமா கேட்டு வாங்கியது கூரை. யோகராசாவின் தோணி வளைகளையும் ஓடுகளையும் ஒரு மாதம் ஏற்றி இறக்கியது. அந்த நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு சப்னாவுக்கும் ஸியாமுக்கும் நிக்காஹ் நடந்தது.

கூரை வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கு மட்டும் நாலு மணித்தியாலம் பிந்தித்தான் விடிகிறது. ஓடுகள் பழைய நாட்டு நேரத்தை விடவில்லை. பள்ளிவாசல் நிர்வாகம் கூடிப் பேசி, தொழுகைக்கும் நோன்புக்கும் ஊர் நேரம்தான் என்று முடிவு சொன்னது. காலையில் சப்னாவின் பிள்ளைகளை லைட் போட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்த வேண்டும். அதற்குப் பதிலாக, ஊரெல்லாம் இருண்ட பிறகும் அந்த முற்றத்தில் நல்ல வெளிச்சம் கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அரிசி புடைக்க அங்கே வருகிறார்கள், பஹீமா மெசினை முற்றத்தில் போட்டுத் தைக்கிறாள். விலாசம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மஃரிப் தொழுது இருட்டிய பிறகும் வெயில் நிற்கிற வீடு என்று சொன்னால், ஓட்டோக்காரர்கள் சரியாகக் கொண்டுபோய் விடுவார்கள்.