சூப்பில் நஞ்சு வைத்த மாப்பிள்ளை

"மணி அடிச்சப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

மாமனார் டீ டம்ளரை நீட்டினார், ஆனால் விடவில்லை. ஒரு பக்கம் அவர் கை, மறுபக்கம் மாப்பிள்ளையின் கை, நடுவில் டீ.

"எந்த மணி மாமா?"

"சூப் கொண்டு வரச் சொல்லி அடிச்ச மணி."

"அது புத்தகத்துல மாமா."

"நானும் புத்தகத்துலதான் கேக்கறேன்."

மாப்பிள்ளை யோசித்தார். "சமையல்கட்டுல இருந்ததா நேத்து வாசிச்சேன்."

"போன வாரம் மாடிப்படியில இருந்ததா வாசிச்சீங்க" என்று சொல்லிவிட்டு மாமனார் டம்ளரை விட்டார். டீ ஆறிப்போயிருந்தது.

அந்த வீட்டில் சாயங்காலமானால் எல்லோரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து கதை வாசிப்பார்கள். புத்தகம் ஒன்றுதான். ஆளுக்கொரு பாத்திரம். அவரவர் பேச்சு வரும்போது புத்தகம் அவரவர் மடிக்கு வரும், முடிந்ததும் அடுத்த மடிக்குப் போகும். முன்னால் புரட்டிப் பார்ப்பது மகா பாவம். வாசித்து முடித்ததும் மாமனார் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்.

இந்த முறை வந்து சேர்ந்தது தலையணை கனத்துக்கு ஒரு பழைய துப்பறியும் நாவல். குதிரை வண்டி, பனிமூட்டம், வாயு விளக்கு, பெரிய மாளிகை எல்லாம் உண்டு. மாளிகையின் இளைய பிரபு சூப் குடித்ததும் மேஜையிலேயே சாய்ந்துவிடுகிறான். விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டர் மாமனார். இளைய பிரபுவின் சிற்றன்னையான சீமாட்டி மாமியார். பேச்சல்லாத பகுதியை வாசிப்பவள் மனைவி. செத்துப்போகும் பிரபு, மச்சான்.

"மாப்பிள்ளை, நீங்க புதுசு. சின்னப் பார்ட்டா தர்றேன்" என்றார் மாமனார் முதல் நாள். "பட்லர். கதவைத் திறக்கணும், மூடணும். அவ்வளவுதான்."

கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்த பட்லர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்தான். சாவித் துவாரத்தில் காது வைத்தான். கேட்டதற்கெல்லாம் "அடியேன் அறியேன்" என்றான். மாப்பிள்ளை நல்லபடியாகத்தான் வாசித்துப் பார்த்தார். எவ்வளவு வெள்ளந்தியாக வாசித்தாலும் அந்த "அடியேன் அறியேன்" வாயைவிட்டு வெளியே வரும்போது திருட்டுத்தனமாகவே வந்தது.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள். மாத முடிவுக்குள் காலி செய்தாக வேண்டும். மாமனார் வீட்டு முன்னறைக்குத் தெருவைப் பார்த்துத் தனிக் கதவு இருந்தது. கடைக்கென்றே கட்டிய மாதிரி. கேட்டும் விட்டார். அதே அறையை உடற்பயிற்சி மெஷின் போட மச்சானும் கேட்டிருந்தான்.

மாமனார் ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு வண்டி போகாமல் அடுத்த வண்டியை விடமாட்டார். "முதல்ல இந்தப் புத்தகம் முடியட்டும். அப்புறம் ரூம் விஷயம்" என்றுவிட்டார்.

ஆக, பட்லர் யோக்கியனாக இருந்தால்தான் கடை உண்டு.

"அத்தான், எனக்கு உங்க மேல கோவமே இல்ல" என்றான் மச்சான், சாப்பாட்டு மேஜையில்.

"எதுக்குக் கோவம்?"

"என்னைக் கொன்னதுக்கு."

"இன்னும் நிரூபணம் ஆகலடா."

"அதான் சொல்றேன். ஆனாலும் கோவம் இல்ல."

மாமியார் மகன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். முதல் அத்தியாயத்தில் அவன் செத்ததிலிருந்து அவனுக்கு எல்லாமே இரண்டு பங்குதான். "சாப்பிடுடா. இந்த வயசுல போகணும்னு உனக்குத் தலையெழுத்து" என்றவர் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பாமலேயே, "யாரு வச்சாங்களோ அவங்க கை வெளங்காது" என்றார்.

மாப்பிள்ளை தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

அறைக்குப் போனதும் மனைவியிடம் குமுறினார். "உங்கப்பா என்னை இப்போ 'நீ, வா, போ'ங்கிறாரு. கவனிச்சியா?"

"பட்லரைப் பின்ன எப்படிங்க கூப்பிடுவாங்க?"

"நீயாவது நம்பறியா இல்லையா?"

அவள் கொஞ்சம் யோசித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. "நம்பறேங்க. ஆனா அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால உங்களுக்கு என்ன வேலை?"

கடைசி அத்தியாயத்தன்று எல்லோரும் நேரத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மச்சானுக்கு வாசிக்க ஒரு வரியும் இல்லை. ஆனாலும் தலைவாரிக்கொண்டு வந்திருந்தான்.

"இங்கிருந்து ஒருவரும் நகரக் கூடாது" என்று மாமனார் வாசித்தார்.

மாமியார் எழுந்தார். "அடுப்பில சூப் கொதிக்குது."

"சீமாட்டியும்தான்."

மாமியார் உட்கார்ந்தார். புத்தகம் பட்லரின் மடிக்கு வந்தது. மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

'இன்ஸ்பெக்டர் ஐயா, இத்தனை காலம் மறைத்தேன். சூப்பில் வெண்பொடியைத் தூவிய கை சீமாட்டியின் கை. திரைச்சீலைக்குப் பின்னிருந்து இக்கண்களால் கண்டேன்.'

மாப்பிள்ளைக்கு நெஞ்சு லேசாயிற்று. பட்லர் யோக்கியன். வாசித்தால் தீர்ந்தது. வாயைத் திறந்துகொண்டே நிமிர்ந்தார். எதிரே மாமியார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகன், அவர் தோளில் சாய்ந்தபடி. உள்ளே சூப் கொதிக்கும் சத்தம்.

படிக்கட்டுக்கும் சமையல்கட்டுக்கும் கணக்குக் கேட்டு டீயை நிறுத்தி வைத்த மனிதர் இந்த மாமனார். பெற்ற மகனுக்கே அம்மா விஷம் வைத்தாள் என்று தெரிந்தால்? நாளைக்கு இந்த வீட்டில் யார் சமைப்பார்கள், யார் சாப்பிடுவார்கள்? மச்சான் எங்கே போவான்? வீடே இரண்டாகிவிட்டால் முன்னறை மட்டும் தனியாகவா நிற்கும்?

"என்ன, வாய் அடைச்சுப்போச்சா?" என்றார் மாமனார்.

"நான்தான் வச்சேன்" என்றார் மாப்பிள்ளை. பிறகு புத்தகத்தின் நடை ஞாபகம் வந்து, "அடியேன்தான் தூவினேன்" என்று திருத்தினார்.

மச்சான் அம்மாவின் தோளிலிருந்து தலையை எடுத்தான்.

"எதுக்கு?" இது மாமனாரே கேட்டது. புத்தகத்தில் இல்லை.

மாப்பிள்ளை பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார். காரணம் எதுவும் அகப்படவில்லை. நெஞ்சில் இருந்ததுதான் நாக்கில் வந்தது.

"மாளிகையின் முன்னறையைக் கேட்டேன் ஐயா. தருகிறேன், தருகிறேன் என்று இழுத்தடித்தார்கள்."

மாமனார் மாமியாரைப் பார்த்தார். மாமியார் அடுப்படியைப் பார்த்தார்.

"ஒரு ரூமுக்காகவா ஒரு உசுரு?"

"வேறு வழி தெரியவில்லை ஐயா."

மனைவி கை நீட்டிப் புத்தகத்தை வாங்கினாள். பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். எச்சிலைத் தொட்டுப் பக்கங்களைக் கொத்தாகத் தள்ளினாள். "பட்லரை வண்டியில் ஏற்றினார்கள். பனிமூட்டம் வண்டியை விழுங்கியது. முற்றும்."

"எனக்கு இன்னும் பேச்சு இருக்குமேம்மா?"

"இல்லப்பா. ஆளைப் புடிச்சாச்சுல்ல."

மாமனார் புத்தகத்தைப் பூட்டிவிட்டு வந்து மாப்பிள்ளைக்கு எதிரே, கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார். "மாப்பிள்ளை, முன்ரூமை நீங்க எடுத்துக்குங்க" என்றார், பழைய மரியாதையோடு. "இழுத்தடிக்கிறது எனக்குப் பிடிக்காது."

"எனக்கும் வேண்டாம் அந்த ரூம்" என்றான் மச்சான் அவசரமாக. "மெஷினை மொட்டைமாடியில போட்டுக்கறேன்."

கடை வந்தது. பெரிய நிலைக்கண்ணாடி, சுவர் முழுக்க மூக்குக் கண்ணாடிச் சட்டங்கள், கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகை எல்லாம் பொருத்தியாயிற்று. மச்சான் மட்டும் கண் பரிசோதனைக்கு வர மறுத்தான். சொட்டு மருந்து விடுவார்களாமே என்று விசாரித்துவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டே படிக்கிறான்.

திறந்த அன்று மத்தியானம் மாமியார் கடைக்கே சூப் கொண்டுவந்தார். முகத்தில் பெரிய மனசு.

"நடந்தது நடந்துபோச்சு மாப்பிள்ளை. நான் எதையும் மனசுல வச்சுக்கல. குடிங்க, ஆறிடப் போவுது."

மாப்பிள்ளை கிண்ணத்தை வாங்கினார். மேலே வெள்ளையாக என்னவோ தூவியிருந்தது. மிளகாக இருந்தால் கறுப்பாக அல்லவா இருக்கும்?

"என்ன பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்ல அத்தை." அவர் கரண்டியைத் துடைத்து நீட்டினார். "உப்பு சரியா இருக்கான்னு நீங்க ஒரு வாய் குடிச்சுச் சொல்லுங்களேன்."