சமாதானம் எழுதித் தரவும்

என் வீட்டுக்காரருக்குக் கோபமே வராது. கால் கட்டைவிரலைக் கதவில் இடித்துக்கொண்டால்கூட "ஸ்தோத்திரம்" என்பார். எங்கள் இருவருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுக்கொள்வேன். இரண்டு அறை வீடு. காலையில் ஜெபம், வேலை, மாலையில் ஜெபம், தூக்கம். "அந்த வீட்டுல ஆள் இருக்காங்களான்னு குக்கர் விசில் அடிச்சாத்தான் தெரியும்" என்று எதிர்வீட்டு டெய்லர் கிண்டல் செய்வார். யார் வம்புக்கும் போகாத அப்படி ஒரு வாழ்க்கையைத்தான் ஆண்டவரிடம் கேட்டேன், கொடுத்தார். அதைக் காப்பாற்றப் போய்த்தான் எல்லாம் நாசமாய்ப் போனது.

இவர் ஒரு பெரிய சலவை ஆலையில் பாய்லர் பார்ப்பவர். பாய்லரிலிருந்து வரும் நீராவியில்தான் அங்கே துணி வெளுப்பதும் இஸ்திரி போடுவதும். உள்ளே அழுத்தம் கூடினால் தானாகத் திறந்து சீறுவதற்கு மேலே ஒரு வால்வு உண்டு, குக்கர் வெயிட் மாதிரி. அது சீறும்போதெல்லாம் இஸ்திரி மிஷினில் சூடு இறங்குகிறதாம், வேலை தாமதமாகிறதாம். சூப்பர்வைசர் ஒரு நாள் ஏணி போட்டு ஏறி, வால்வைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டான்.

அன்று வீட்டுக்கு வந்த மனுஷன் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லிடப் போறேன்" என்றார்.

"நமக்கெதுக்குங்க ஊர் வம்பு? அவன் பொல்லாதவன். ஜெபம் பண்ணிட்டுப் பேசாம இருங்க."

நான்தான் சொன்னேன். ஓயாத இந்த வாய், ஓய வேண்டாத இடத்தில் அவர் வாயையும் சேர்த்து மூடியது.

ஒன்பதாம் நாள் இஸ்திரி மிஷினுக்குப் போகும் குழாய் வெடித்தது. அங்கே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த, எல்லோரும் நெட்டையன் என்று கூப்பிடும் ஆளுக்கு இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துபோயின. எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய நேரத்தில் சூப்பர்வைசர் கம்பியை அவிழ்த்துவிட்டான். பாய்லர்க்காரன் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்க்காமல் தூங்கிவிட்டான் என்று பழியை இவர் தலையில் போட்டான். இவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்து ஒரு கடிதமும் வந்தது.

"மேற்படி விபத்து குறித்து மூன்று நாட்களுக்குள் தங்கள் சமாதானம் எழுதித் தரவும்."

இவர் முகம் மலர்ந்துபோயிற்று. "பாத்தியா, அவங்களே சமாதானம் கேக்கறாங்க!"

எங்களுக்குத் தெரிந்த சமாதானம் ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சபையில் கைகூப்பி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. ஆபீஸ் பாஷையில் அதற்கு விளக்கம் என்று அர்த்தமாம். யாருக்குத் தெரியும்? அடுப்படியில் உட்கார்ந்து இருவருமாக எழுதினோம். நடந்ததற்கு மனம் வருந்துகிறேன். யார்மேலும் எனக்குக் குறை இல்லை. எல்லோரையும் மன்னித்துவிட்டேன், என்னையும் மன்னியுங்கள். எல்லோரோடும் சமாதானமாய் இருக்கவே விரும்புகிறேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நான் வேறு இரண்டு முறை படித்துப் பார்த்தேன், பாவி.

முடிவு சொல்ல இன்று காலை கூப்பிட்டிருந்தார்கள். நானும் கூடப் போனேன். மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நெட்டையனின் மனைவி வந்தாள். ஆலையின் நீல ஏப்ரன் கட்டியிருந்தாள்.

"நீ எங்கம்மா இங்க?" என்றேன்.

"அவரு வேலைய எனக்குக் கொடுத்திருக்காங்க அக்கா. அதே மிஷின்தான்." பிறகு இவரைப் பார்த்தாள். "அண்ணே, உங்க கடுதாசியப் படிச்சுக் காட்டினாங்க. யாரை மன்னிச்சீங்க? வெந்தது எங்க வீட்டுக்காரர் கை. அதை மன்னிக்க நீங்க யாரு?"

இவர் தலை குனிந்தார்.

இவர் மெதுவாகக் கேட்டார்: "மேல வால்வு சீறுதாம்மா?"

"ரெண்டு நாளா சத்தமே இல்லண்ணே. இப்பதான் நிம்மதியா இருக்கு."

இவர் முகம் செத்துப்போனது. அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டது. கம்பி கட்டியது, அவிழ்த்தது, இப்போது திரும்பவும் கட்டியிருப்பது எல்லாவற்றையும் இவர் கொட்டினார். சூப்பர்வைசர் மேனேஜர் பக்கத்திலேயே நின்று சிரித்தான்.

"இதையெல்லாம் அப்பவே எழுதியிருக்கணும்" என்றார் மேனேஜர். "மன்னிச்சுக்கங்கன்னு உங்க கைப்படவே எழுதிட்டீங்க. ஃபைலை மூடியாச்சு. இனிமே உங்களுக்கு இங்க வேலை இல்ல."

"வேலை வேண்டாம் சார். வால்வை மட்டும் போய்ப் பாருங்க."

"போய்யா வெளிய."

வெளியே வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. வாசலுக்குப் போகாமல் உள்பக்கம் நடந்தார். வேகமாய் நடந்தார். பின்னால் ஓடினேன். இஸ்திரி மிஷின்கள் வரிசையாய் நின்ற கூடத்தில் நுழைந்து, "எல்லாரும் வெளிய போங்க! பாய்லர் வால்வைக் கட்டிப் போட்டிருக்கு! ஓடுங்க!" என்று கத்தினார்.

இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. சபையில் பாடும்போதுகூட வாய்க்குள்ளேயே பாடுகிற மனுஷன். நெட்டையன் மனைவி கையிலிருந்த விரிப்பைப் போட்டுவிட்டு ஓடினாள். இவர் பாய்லர் அறைக்குள் போய், அங்கே புதிதாய் வேலைக்கு வந்திருந்தவனை வெளியே தள்ளி, நெருப்பை அணைத்து, குறடோடு ஏணியில் ஏறினார். நான் கீழே நின்று, "ஆண்டவரே, ஆண்டவரே" என்பதைத் தவிர வேறு ஜெபம் தெரியாமல் தவித்தேன்.

கம்பி அறுந்தது. வால்வு சீறிய சீறலில் ஆலையே அதிர்ந்தது. வெள்ளையாய் நீராவி நிறைந்து, ஏணியில் ஆள் இருக்கிறாரா என்றே தெரியவில்லை. நான் அலறியது என் காதுக்கே கேட்கவில்லை.

நீராவி அடங்கியபோது இவர் ஏணியின் பாதியில் அறுத்த கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். வலது கை மணிக்கட்டு வரை வெந்திருந்தது. காவலாளிகள் இருவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். மேனேஜர் மூச்சு வாங்க வந்தார்.

"வேலைய விட்டுத் தூக்கினப்புறமும் உள்ள புகுந்து மிஷினை நிறுத்தியிருக்கே! போலீசைக் கூப்பிடறேன். இதுக்கு என்னய்யா சமாதானம் சொல்லப் போறே?"

இவர் நெட்டையன் மனைவியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எங்கிட்ட சமாதானம் இல்ல சார்" என்றார்.