ஐந்தாவது இதழ்

வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, பார்வையாளர்களுக்குக் கதவு திறக்க இன்னும் இருபது நிமிடங்கள் இருக்கையில், மூன்றாம் அறையின் மலர் ஓவியத்தில் மேசைமேல் உதிர்ந்து கிடக்கும் இதழ்கள் ஐந்து என்பதைக் கண்டேன். நான்கு இருக்க வேண்டும். பதிவேட்டில் ‘மாற்றம் இல்லை’ என்று எழுதுவதற்காகப் பேனாவைத் திறந்திருந்தேன். அதை மூடிவிட்டு மறுபடியும் எண்ணினேன். குடுவையின் அடியில் இரண்டு. கத்தியின் கைப்பிடிக்கு அருகே ஒன்று. மேசை விளிம்பில் பாதி வெளியே தொங்கியபடி ஒன்று. அதற்கும் அப்பால், நிழல் அடர்ந்த வலது மூலையில், வெளிறிய ரோஜா நிறத்தில் இன்னொன்று.

நான் இந்த ஓவியக் காட்சிக்கூடத்தில் அந்த அறையின் காவலர். அங்கே பதினோரு ஓவியங்கள். கதவு திறக்குமுன் ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்த்து, பதிவேட்டில் அதற்குரிய ஒரு வரியை எழுதுவது என் முதற்கடமை. மற்ற பத்தையும் கடமைக்காகப் பார்த்தேன். மலர் ஓவியத்துக்கு நேர் எதிரே என் நாற்காலி போடப்பட்டிருந்ததால் அதை மட்டும் நாள் முழுதும் பார்த்தேன். தொடக்கத்தில் அது எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடிக் குடுவையில் அளவுக்கு மீறிப் பூக்களைத் திணித்து, மேசையையும் துடைக்காமல் விட்டுவிட்டு, அதையே படமாக்கியிருக்கிறாரே என்று எண்ணினேன். ஓராண்டு கழிந்த பின்தான், பின்வரிசையில் ஒரு வெள்ளைப் பூ நமக்கு முதுகைக் காட்டியபடி இருப்பதைக் கவனித்தேன். யாரும் பார்க்க விரும்பாத பக்கத்தை அவ்வளவு பொறுமையாக வரைந்தவர் ஒழுங்கற்றவராக இருக்க முடியாது. தண்டுகள் நீர்மட்டத்தைத் தொடும் இடத்தில் ஒடிந்தவைபோல் விலகித் தெரியும். மொட்டுக்குப் பக்கத்திலேயே வாடிய ரோஜா தலைசாய்ந்திருக்கும்; அதைக் கண்டு மொட்டு அஞ்சுவதுமில்லை, மொட்டைக் கண்டு ரோஜா வெட்கப்படுவதுமில்லை. இவற்றையெல்லாம் எவரும் சொல்லித்தராமல் நானே கண்டடைந்தேன். ஆகவே, அந்தப் படத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் இல்லை என்று நம்பியிருந்தேன். நான் மட்டுமன்று, எல்லோரும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள்.

வரும் திங்கட்கிழமை அந்த ஓவியம் பத்து மாதக் கண்காட்சி ஒன்றுக்காக வேறொரு நகரத்துக்குப் போகவிருந்தது. கோப்பில் உள்ள விவரப்படியே ஓவியம் இருக்கிறது என்று ஒப்படைப்புப் படிவத்தில் அறைக் காவலர் கையொப்பமிட வேண்டும். கோப்பில் ‘உதிர்ந்த இதழ்கள்: நான்கு’ என்று இருக்கிறது. மூன்று வாரங்களுக்கு முன்புதான் சீரமைப்பாளரான இளம்பெண் படத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டியிருந்தாள். நான் ‘ஐந்து’ என்று சொன்னால் எல்லா விரல்களும் அவளை நோக்கி நீளும். சொல்லாமல் கையொப்பமிட்டால் அது பொய்.

பதினொரு மணித் தேநீர் இடைவேளையில் அடுத்த அறைக் காவலர் என்னைக் கண்டதும் சிரித்தார். விண்வெளிக் கதைகளைத் தவிர வேறெதையும் படிக்காதவர் என்பதால் அவரை எல்லோரும் ராக்கெட் என்றே அழைப்பார்கள்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? ஏதாவது படத்தைத் தூக்கிட்டுப் போயிட்டாங்களா?”

“தூக்கிட்டுப் போயிருந்தாக்கூடத் தேவலை. ஒண்ணு கூடியிருக்கு.”

விவரத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அந்தப் பொட்டலம் மாதிரியே இருக்கேக்கா.”

அவர் வற்புறுத்திக் கொடுத்திருந்த நாவலைச் சொன்னார். பழுதாகிப்போன ஒரு விண்கலத்தில் தனியே மிஞ்சிய பெண் பொறியாளர் ஒருத்தியின் கதை அது. மீட்க வருபவர்கள் வந்துசேர இருநூற்றுப் பத்து நாள்கள் ஆகும். நாளுக்கு ஒரு பொட்டலம் உணவு. காற்று, தண்ணீர், உணவு அனைத்தையும் அவள் காலைதோறும் எண்ணி எழுதுகிறாள். அந்த எண்ணிக்கைகள் பக்கம் பக்கமாக வருகின்றன. மற்றவர்கள் புரட்டித் தள்ளிவிடும் அந்தப் பக்கங்கள்தாம் எனக்குப் பிடித்திருந்தன. உயிர் போகும் நிலையிலும் வரிசை தப்பாமல் எழுதுகிற ஒருத்தியை நான் மதித்தேன். ஆனால் தொண்ணூற்றொன்றாம் நாள் காலை, நூற்றிருபது பொட்டலங்கள் இருக்க வேண்டிய பெட்டியில் நூற்றிருபத்தொன்று இருக்கின்றன. அவள் மகிழவில்லை, சுவரில் சாய்ந்து அழுகிறாள். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டிருந்தேன்.

“குறைஞ்சாப் பயப்படலாம், கூடினதுக்கு எதுக்கு அழறா? எடுத்துச் சாப்பிட வேண்டியதுதானே?” என்று சென்ற வாரம் இதே மேசையில் அவரிடம் சண்டை பிடித்திருந்தேன்.

“ஒண்ணு தப்புன்னா மத்ததெல்லாம் சரின்னு எப்படிக்கா நம்புவா? காத்தும் அவ எண்ணினதுதானே?” என்று அவர் பதில் சொல்லியிருந்தார். “பெரிய தத்துவம்” என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போயிருந்தேன்.

இப்போது, “அப்புறம் அவ என்னதான் பண்றா?” என்று கேட்டேன்.

“முழுசாப் படிங்கக்கா, அப்பத்தானே...”

“திங்கக்கிழமை லாரி வருது. படிச்சு முடிக்கிற வரைக்கும் அது நிக்குமா? சொல்லுங்க.”

“அந்த ஒரு பொட்டலத்தை மட்டும் தனியா எடுத்து வெச்சுடுவா. கடைசி வரைக்கும் தொடவே மாட்டா.”

“நல்ல யோசனைதான். நான் அந்த இதழை எங்கே எடுத்து வெக்கறது?”

பிற்பகலில் ஓவியத்தின் கோப்பினை வாங்கிப் பார்த்தேன். பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் அந்த மூலை, விளக்கொளி பட்டு வெறும் வெண்திட்டாகக் கிடந்தது. இதழ் இருந்திருந்தாலும் தெரியாது, இல்லாமல் இருந்திருந்தாலும் தெரியாது. விவரத்தாளைப் புரட்டினேன். ‘நான்கு’ என்ற சொல்லைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டியதாயிற்று. அது என் கையெழுத்து.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், ஈரத்தில் கெட்டுப்போன தாள்களைப் புதிதாக எழுதும் பணியை என்னிடம்தான் கொடுத்தார்கள். படத்தின் முன் நின்று எண்ணி எழுதினேனா, அல்லது நனைந்த பழைய தாளைப் பார்த்துப் படியெடுத்தேனா? நீல மை நினைவிருக்கிறது. சொல் அடங்காத ஒடுக்கமான கட்டம் நினைவிருக்கிறது. சன்னலோரம் இருந்த, ஒரு கால் ஆடும் மேசையும் நினைவிருக்கிறது. எழுதியது இத்தனை துல்லியமாக நினைவிருந்தும், எண்ணியது நினைவில் இல்லை. அன்று மட்டும்தானா? அதன்பின் வந்த பத்தொன்பது ஆண்டுகளில், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட காலைகளில், எத்தனை நாள் எண்ணினேன், எத்தனை நாள் எண்ணியதாக எழுதினேன்? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்ற விடையை நான் மற்றவர்களிடமிருந்து ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை.

வீட்டில் என் தங்கை அனைத்தையும் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். நாங்கள் இருவரும்தான் ஒன்றாக இருக்கிறோம்.

“இவ்வளவுதானா? நீ லீவு போட்ட அன்னிக்கு விழுந்திருக்கும்க்கா. நீ எதுர்ல உக்காந்திருந்தா அதுக்கு விழத் தைரியம் வருமா?”

குளிர்பெட்டிக் கதவில் அந்த ஓவியத்தின் அஞ்சலட்டையை அவள் ஒட்டி வைத்திருந்தாள். நான் அதன் அருகே குனிந்தேன். பூக்கள் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அச்சிட்டவர்கள் மேசையைக் கிட்டத்தட்ட முழுவதுமாக வெட்டியிருந்தார்கள்.

“இதுல ரெண்டுதான் இருக்கு,” என்றாள் தங்கை, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. “ஆளுக்கொரு கணக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “கண்ணை ஒரு தடவை காட்டிட்டு வந்துடேன்க்கா” என்றாள்.

“போன மாசம்தானே காட்டினேன். கண்ணுல ஒரு குறையும் இல்லைன்னுட்டார்.”

“அதான் எனக்குப் பயமா இருக்கு,” என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கண்காணிப்பாளரைப் போய்ப் பார்த்தேன். எதையும் எழுத்தில் கொடுக்கும் நான், அன்று வாய்மொழியாகச் சொன்னேன். அவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“நீங்க நாலுன்னா நாலும்மா. இப்ப அஞ்சு இருக்குன்னா அந்தப் பொண்ணு கை வெச்சிருக்கு. வேற என்ன இருக்கு இதுல?”

“நான் அப்பவே தப்பா எழுதியிருக்கலாம்.”

அப்போதுதான் அவர் திரும்பினார். “நீங்களா? போங்கம்மா, வெளையாடாதீங்க. எழுத்துல குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்.”

நான் எழுத்தில் கொடுக்கவில்லை. ஆனாலும் செய்தி மதியத்துக்குள் போய்ச்சேர்ந்துவிட்டது. சீரமைப்பாளர் கையுறையைக்கூடக் கழற்றாமல் மூன்றாம் அறைக்கு வந்து, தடுப்புக் கயிற்றுக்கு இப்பால் நின்று படத்தின் மூலையைப் பார்த்தாள்.

“தூசி மட்டும்தான் மேடம் தட்டினேன். மெத்துன்னு ஒரு பிரஷ். ஈரம்கூடப் படலை.”

“தூசிக்கு அடியில இருந்தது, இப்ப வெளியில தெரியுதோ?”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் சொன்னா யாரு நம்புவாங்க? என் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. நீட்டிப்பாங்கன்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்.” கையுறையின் விரல்நுனியை இழுத்து இழுத்து விட்டாள். “நீங்க தப்பே பண்ண மாட்டீங்கன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க மேடம்.”

குற்றமாகச் சொன்னாளா, பாராட்டாகச் சொன்னாளா என்று எனக்கு விளங்கவில்லை. அவள் போன பின்பு இதழ்களை எண்ணினேன். ஐந்து. ஒரு பார்வையாளரை நிறுத்தி எண்ணச் சொன்னேன். அவர் நாலு என்றார். அவர் மனைவி ஆறு என்றார். இருவரும் கத்தியைக் கவனிக்கவே இல்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த நாவலைப் படித்து முடித்தேன். பொறியாளர் அந்தப் பொட்டலத்தைத் தலைமாட்டில் கட்டி வைக்கிறாள். அதற்குப் பின்னும் எண்ணுகிறாள், ஆனால் முன்புபோல் எழுதுவதில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ‘என்று நினைக்கிறேன்’ என்று சேர்க்கிறாள். முதலில் அது எனக்கு எரிச்சலூட்டியது. நூற்றிருபது என்று நினைக்கிறேன் என்பது என்ன கணக்கு? ஆனால் அந்தப் பக்கங்களில் அவளுடைய மூச்சு கேட்பதுபோல் இருந்தது, அதற்கு முந்தைய பக்கங்களில் அது கேட்டதில்லை. கடைசி அத்தியாயத்தில் கலத்தின் வெளிச்சுவரில் யாரோ தட்டும் ஓசை வருகிறது. மீட்க வந்தவர்களா, உலோகம் குளிரில் சுருங்கும் ஒலியா? இருமுறை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. ராக்கெட்டைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“காப்பாத்திட்டாங்கக்கா! இதுல என்ன சந்தேகம்?”

“எந்தப் பக்கத்துல அப்படிப் போட்டிருக்கு?”

தன்னிடமிருந்த இன்னொரு பிரதியை அவர் நெடுநேரம் புரட்டும் ஓசை கேட்டது. “போடலைதான்,” என்றார். “ஆனா காப்பாத்திட்டாங்க.”

திங்கட்கிழமை காலை இரு பணியாளர்கள் ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கி, பஞ்சு விரித்த மேசையில் கிடத்தினார்கள். மரப்பெட்டி திறந்து வைக்கப்பட்டிருந்தது. கண்காணிப்பாளர் படிவத்துடன் நின்றார். சீரமைப்பாளர் சன்னல் பக்கம் நின்றாள். அவளைக் கூப்பிட்டவர் யாருமில்லை, அவளாக வந்திருந்தாள். பத்தொன்பது ஆண்டுகளில் கயிற்றைத் தாண்டி நான் அந்தப் படத்தை நெருங்கியதில்லை. நெருங்குவதைத் தடுப்பதுதான் என் வேலை. முதன்முறையாக அதன்மேல் குனிந்தேன். அவள் தன் உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் வைத்தாள்.

இதழ்கள் எங்கும் இல்லை. ஒரே இழுப்பில் தூரிகை விட்டுச்சென்ற வண்ணத்தின் மேடுகள் இருந்தன. தூரிகையின் மயிர்க்கோடுகள் இருந்தன. நூல்போல ஓடிய வெடிப்புகள் இருந்தன. குடுவையின் அடியிலிருந்த இரண்டும், இவ்வளவு அருகில், மடிந்து கிடக்கும் ஒரே இதழாகத் தோன்றின. அப்படியென்றால் நான்கு. மூலையிலிருந்தது இதழா, மேசையின் மரத்தில் விழுந்த வெளிச்சமா? அப்படியென்றால் மூன்று. கண்ணாடியை நகர்த்தினால் எண்ணிக்கையும் நகர்ந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

“அம்மா, லாரிக்காரர் கீழே ஹாரன் அடிக்கிறார்,” என்றார் கண்காணிப்பாளர்.

படிவத்தை வாங்கினேன். ‘கோப்பில் உள்ளபடியே இருக்கிறது’ என்ற வரியை ஒரு நேர்கோட்டால் அடித்தேன். அதன்கீழே எழுதினேன்: ‘கோப்பிலுள்ள எண்ணிக்கையை எழுதியவள் நான். அது எண்ணி எழுதப்பட்டது என்று என்னால் உறுதி கூற இயலவில்லை. இன்று எண்ணியபோது இதழ்கள்’. அங்கே நிறுத்தி, எண்ணுக்கு இடம் விட்டேன்.

கண்காணிப்பாளர் என் தோளருகே நின்று படித்தார். “என்னம்மா இது? இதுக்கப்புறம் உங்க பதிவேட்டை எவன் நம்புவான்? பத்தொன்பது வருஷம்மா!”

“தெரியும்.”

சன்னல் பக்கம் நான் பார்க்கவில்லை. பணியாளர்களைக் கூப்பிட்டேன். “கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. சுவத்துல இருந்த அதே உயரத்துக்கு.”

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாகச் சட்டத்தைப் பிடித்துத் தூக்கினார்கள். நான் எதிரே போய் நாற்காலியில் அமர்ந்தேன். படிவத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

“இடது பக்கம் தாழுது. இன்னும் மேலே. ஆங், அப்படியே.”

“பாரமா இருக்கும்மா,” என்றார் ஒருவர்.

“இருங்க. எண்ணிட்டிருக்கேன்.”

அவர்களுடைய முழங்கைகள் நடுங்கத் தொடங்கின. நடுக்கம் சட்டத்துக்கு ஏறி, குடுவைக்கு ஏறி, தண்டுகளின் வழியே மேலே பரவிற்று. இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக அந்தப் பூக்கள் அசைந்தன. மேசை விளிம்பில் பாதி தொங்கிய இதழ் இதோ விழுகிறது, இதோ விழுகிறது என்று ஆடிக்கொண்டிருந்தது. நான் மீண்டும் குடுவையின் அடியிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.