யாருக்கும் கொடுக்க முடியாத ஜாக்கெட்

"இதுல அடுத்தவங்களுக்குக் கழட்டிக் குடுக்க முடியாத மாதிரி ஏதாவது இருக்கா?"

மலையேற்றச் சாமான்கள் விற்கும் கடையில் இப்படி ஒரு கேள்வியை அந்த விற்பனைப் பெண் அதுவரை கேட்டிருக்க நியாயமில்லை. எடை குறைவாக வேண்டும் என்பார்கள், மடித்தால் கைக்குள் அடங்க வேண்டும் என்பார்கள், போட்டோவில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பவர்களும் உண்டு. கழற்றிக் கொடுக்க முடியாத ஜாக்கெட்டுக்கு எந்த அலமாரியைக் காட்டுவது என்று தெரியாமல் அவள் விழித்தாள்.

கேட்டவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கூரியர் ஆபீசில் பார்சல்களை எடை போட்டு வாங்குகிற வேலை அவளுக்கு. எதையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே எடை சொல்லிவிடுவாள், தராசு பிறகு ஆமாம் போடும். அவளுக்கே பிடிபடாத ஒரே ஜீவன் அவள் கட்டிக்கொண்ட லிஃப்ட் மெக்கானிக். மனிதருக்கு ஓட்டைக் கை. குடையோடு போனால் குடையில்லாமல் வருவார், சாப்பாட்டு டப்பாவோடு போனால் பசியோடு வருவார். அவளுடைய தம்பி அவருக்கு வைத்த பெயர் தர்மப்பிரபு. அதை அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார், என்ன செய்வது.

போன மழைக்காலத்தில், பஸ் ஸ்டாப்பில் நனைந்துகொண்டிருந்த யாரோ ஒருவனுக்கு மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தொப்பலாக வீடு வந்து சேர்ந்தார். அது நிமோனியாவில் கொண்டுபோய் விட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு அவர் படுத்திருந்த நாட்களில் அந்த முகம் தெரியாத ஆளை அவள் திட்டாத திட்டு இல்லை. கோட்டை வாங்கிக்கொண்டு போனவன் வீட்டில் சூடாகச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். பக்கத்தில் உட்கார்ந்து இவருடைய மூச்சைக் காவல் காத்தது அவள்தான்.

பிழைத்து எழுந்தவர் கேட்ட முதல் வரம், மலைமேல் இருக்கும் ஏரியைப் பார்க்க வேண்டும் என்பது. படுக்கைக்கு எதிர்ச் சுவரில் அந்த ஏரியின் படத்தை மாட்டிவைத்த புண்ணியவான் யாரோ. நடப்பது நல்லதுதான் என்று நுரையீரல் டாக்டரும் ஒத்து ஊதினார். பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, முதுகில் பாரம் கூடாது, ஈரத்தோடு குளிர் தாக்கவே கூடாது, இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார் என்றார். போகாதீர்கள் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நானும் வருவேன் என்று மட்டும் சொல்லிவிட்டாள்.

விற்பனைப் பெண் நல்ல பொறுமைசாலி. "சூடு துணியில இல்லக்கா, துணிக்குள்ள நிக்கிற காத்துலதான் இருக்கு," என்று ஆரம்பித்தாள். உடம்போடு ஒட்டி வியர்வையை வெளியே தள்ளும் மெல்லிய பனியன் ஒன்று. அதற்குமேல் நடக்கும்போது போட்டுக்கொள்ள ஃப்ளீஸ் என்கிற பொசுபொசுப்பான சட்டை. உப்பலான ஜாக்கெட் ஏறும்போது போடுவதற்கல்ல, நிற்கும்போது போடுவதற்கு. கொஞ்சம் குளிருகிற மாதிரிதான் நடையைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் வியர்வையே எதிரியாகிவிடும். எல்லாம் சொன்னாள்.

வாத்து இறகு அடைத்த ஜாக்கெட்டை உள்ளங்கையில் வாங்கியதும் அவள் மயங்கிப்போனாள். இரண்டு சோப்புக்கட்டி எடை, அவ்வளவுதான். ஆனால் நனைந்தால் என்று கேட்டாள். நனைந்தால் நனைந்த கோழிதான் என்று அந்தப் பெண் உண்மையைச் சொல்லிவிட்டாள். செயற்கைப் பஞ்சு அடைத்தது எடை சற்றுக் கூடும், ஆனால் ஈரத்திலும் ஓரளவு சூட்டை விடாது. இதையும் அதையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்து, கடைசியில் பஞ்சு வைத்ததையே எடுத்தாள். அதிலும் முன்பக்கம் முழுக்கத் திறக்காமல் தலைவழியாகப் போடுகிற ரகம். அவர் கொக்கு மாதிரி உயரம், கையும் நீளம். அவர் அளவு ஜாக்கெட்டை வேறு யார் போட்டாலும் கை முழங்காலில் தொங்கும். அவசரத்தில் கழற்றவும் முடியாது, கொடுத்தால் யாருக்கும் சேரவும் சேராது.

"உங்களுக்கு என்னக்கா எடுத்துக்கப் போறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். தனக்கென்ன, இரும்பு உடம்பு, வீட்டில் தடிமனான பருத்தி மேற்சட்டை ஒன்று இருக்கிறது என்று அவள் சிரித்தாள். மலைக்குப் பருத்தி ஆகாது, வியர்வையைக் குடித்துவிட்டு ஈரத்துணியாக உடம்பில் ஒட்டிக்கொள்ளும் என்று அந்தப் பெண் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. அவள் நினைப்பெல்லாம் ஜாக்கெட்டின் கை நீளத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கடைசிப் பூட்டையும் போட்டாள். ஜாக்கெட் வாடகைக்கு எடுத்தது, பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னாள். அடுத்தவர் சாமான் என்றால் அவர் அதை உயிரைப்போலக் காப்பாற்றுவார். வேலை பார்த்த இடத்துத் திருகாணி ஒன்று சட்டைப்பையில் ஒட்டிக்கொண்டு வந்தால்கூடத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அடுத்த வேலை. புது வாசனை வருகிறதே என்று அவர் முகர்ந்து பார்த்தார். சுத்தம் செய்து தருவார்கள் என்று கூசாமல் சொன்னாள்.

அவர் பையில் பாரம் ஏறக் கூடாது என்பதால் மருந்து, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் அவள் பைக்குள் போயின. வெந்நீர் ஃப்ளாஸ்க்குக்கு இடம் போதவில்லை. அதை ஒரு கையிலும் தன் கம்பளி ஸ்வெட்டரை இன்னொரு கையிலும் வைத்து எடை பார்த்தாள். ஸ்வெட்டர் பீரோவுக்குத் திரும்பிப் போனது.

ஏறத் தொடங்கியபோது நல்ல வெயில். வழியெங்கும் பாறைகளில் அம்புக்குறி போட்டிருந்ததால் துணைக்கு ஆள் தேவைப்படவில்லை. அவர் முன்னால், அவள் பின்னால். வியர்க்கிறதா, ஃப்ளீஸைக் கழற்றுங்கள். காற்று வருகிறதா, மாட்டுங்கள். நிற்கிற இடத்திலெல்லாம் அவர் பிடரிக்குள் கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாள். கன்றுக்குட்டியைச் சந்தைக்கு ஓட்டிப் போகிற மாதிரி இருக்கிறது என்று அவர் சிரித்தார்.

பாதி ஏற்றத்தில், மேலேயிருந்து இறங்கி வந்த ஒருவன் மெல்லிய பனியனோடு கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். அவர் கை தானாகத் தன் பைக்குப் போனது. "வாடகை," என்றாள் அவள், தணிந்த குரலில். கை திரும்பி வந்தது. நடந்துகொண்டே அவர் இரண்டு தடவை அவனைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. இருக்கட்டும், அவன் இறங்குகிறவன், கீழே வெயில் இருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

இந்தக் கவலையில் அவள் தன் உடம்பை மறந்தே போனாள். தடித்த மேற்சட்டையோடு, அவருடையதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஏறியவளுக்கு முதுகெல்லாம் வியர்வை ஆறாக ஓடியிருந்தது. மலை முகட்டை எட்டியபோது வெயில் போய் மேகம் வந்தது. கூடவே காற்றும் சாரலும். அவர் ஜாக்கெட்டைத் தலைவழியாக மாட்டி அதன்மேல் மழைக்கோட்டையும் போட்டுக்கொள்ளும்வரை அவள் விடவில்லை. ஃப்ளாஸ்க்கில் மிச்சமிருந்த வெந்நீரையும் அவருக்கே ஊற்றினாள். பிறகு தன் மழைக்கோட்டை மாட்டினாள். ஈரம் உள்ளே இருக்கும்போது வெளியே கோட்டு என்ன செய்யும்?

முதலில் விரல்கள் மரத்தன. பல் தந்தியடிக்கத் தொடங்கியது. இறுகக் கடித்துக்கொண்டாள். அவருக்குத் தெரிந்தால் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். தெரியவே கூடாது. தங்கும் குடில் முகட்டுக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையில்தான் இருக்கிறது, எப்படியும் போய்விடலாம். கால் இரண்டு தடவை தடுக்கியது. மூன்றாவது தடவை ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் திரும்பி வந்து எதிரில் குத்துக்காலிட்டார்.

"ரொம்ப நேரமா நீ என்னை ஒண்ணுமே கேக்கல. குளிருதான்னு கேக்கல, கழட்டுங்கன்னு சொல்லல. அதான் திரும்பிப் பார்த்தேன்."

அவள் கழுத்துக்குள் கையை விட்டுப் பார்த்தவரின் முகம் மாறியது. மழைக்கோட்டைக் கழற்றினார். ஜாக்கெட் தலைவழியாக வந்துவிட்டது, அவள் கணக்குப் போட்டிருந்ததைவிடச் சுலபமாக.

"வேணாம்," என்றாள். நாக்கு குழறியது. "அது வாடகைக்கு... திருப்பிக் குடுக்கணும்."

"வாடகைக்கு எடுத்தவகிட்டயே திருப்பிக் குடுக்கறேன். கையத் தூக்கு."

அவள் கையைத் தூக்கவில்லை. டாக்டர் சொன்னது, உங்கள் நெஞ்சு, ஆஸ்பத்திரி என்று என்னென்னவோ முனகினாள். பயத்தில் அழுகை வந்துவிட்டது. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"ஊருக்கெல்லாம் கழட்டிக் குடுக்கறேன்னு திட்டுவ. உனக்கு என்னிக்காவது ஏதாவது குடுத்திருக்கேனா? எது குடுத்தாலும் வேணாம்னு சொல்லிடுவ. இன்னிக்கு ஒருநாள் சொல்லாத."

அவள் கையைத் தூக்கினாள். அவளுடைய மழைக்கோட்டையும் ஈர மேற்சட்டையையும் உரித்தெடுத்துவிட்டு, ஜாக்கெட்டையும் அதன்மேல் மறுபடி கோட்டையும் அவரே மாட்டிவிட்டார். கை முழங்கால்வரை தொங்கியது. அதற்குள் இருந்த சூடு அவருடைய சூடு, அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வந்தது. கூடவே பயமும் முழுசாகத் திரும்பி வந்தது.

இறக்கத்தில் அவர் வெறும் ஃப்ளீஸும் மழைக்கோட்டுமாக, அவள் பையையும் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். பின்னால் அவள் அவர் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தாள். அவரிடம் குடை வாங்கியவன், கோட்டு வாங்கியவன், சோறு வாங்கியவன், எல்லோரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், பின்னால் என்ன ஆனது என்று ஒருவனுக்கும் தெரியாது. வாங்கிக்கொண்டு கூடவே நடக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான். இத்தனை கதகதப்பாக இருந்துகொண்டு இவ்வளவு பயப்பட முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை.

குடிலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரி இருந்திருக்க வேண்டும், மேகம்தான் தெரிந்தது. அவரை அடுப்போரம் உட்காரவைத்து, பனியனை மாற்றவைத்து, பிடரி, நெஞ்சு, உள்ளங்கை எல்லாம் தொட்டுப் பார்த்தாள். குளிர்ச்சிதான். அது வெறும் குளிரா, வேறெதற்காவது ஆரம்பமா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. குடில்காரர் கொண்டுவந்த டீயை அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். இருமினார்.

மறுபடி இருமினார், கண்ணில் நீர் வர இருமினார். அவள் பதறி எழுந்து அவர் தலையைத் தட்டினாள்.

"ஒண்ணுமில்ல, புரையேறிடுச்சு," என்றார் அவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு. "யாரோ நினைக்கிறாங்க போல."

"வேற யாரு நினைப்பா? நான்தான்."

"அப்ப நினைக்கிறதக் கொஞ்ச நேரம் நிறுத்து. இந்த டீயக் குடிச்சுக்கிறேன்."

அவர் டம்ளரை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார். தொங்கிய ஜாக்கெட் கைகளை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அவள் நிறுத்தத்தான் பார்த்தாள். அது மட்டும் அவளால் முடியவில்லை.