சின்ன வூட்டுச் சமையல்

ராஜாங்கத்துக்கு உத்தியோகம் நிலத்துப் படம் வரையறது. கள்ளக்குறிச்சி சர்வே ஆபீசில் பத்து மணியிலிருந்து அஞ்சரை மணி வரைக்கும் மேசைமேல் கவிழ்ந்து கோடு இழுப்பார். ஆனால் மனுசன் உசுரெல்லாம் அடுப்படியில். விடிகாலை எழுந்து கத்திரிக்காயை ஒரே அளவாக நறுக்கி, மசாலாவை அம்மியில் மைபோல் அரைத்து, குழம்பு கொதிக்கும்போது பக்கத்தில் நின்று தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருப்பார். யாரும் சொல்லிச் செய்கிறதில்லை, எல்லாம் தன் இஷ்டம்.

செய்கிறதெல்லாம் சரிதான், கழுவுகிறதுதான் கிடையாது. ஒரு ரசம் வைக்க ஒம்பது பாத்திரம் எடுப்பார். அவர் சம்சாரம் கண்ணகி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கொல்லையில் ஒரு கூரைக் கொட்டகை போட்டு, அம்மி, அடுப்பு, சட்டியோடு ஆளை அங்கே துரத்திவிட்டாள்.

"இந்தா, இதான் உனுக்கு சின்ன வூடு. இன்னா வேணா பண்ணிக்க. என் அடுப்படி பக்கம் வந்த, கரண்டியாலயே போடுவேன்."

எட்டு வருசமாக அந்தப் பேர் அவர்களுக்குப் பழகிவிட்டது. அந்த வார்த்தைக்கு ஊரில் வேறொரு அர்த்தம் இருப்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோச்சு.

ஆபீசில் மட்டும் ராஜாங்கம் மூச்சு விடவில்லை. ஆம்பள அடுப்பூதுறான் என்று சிரிப்பார்களே என்று பயம். மத்தியானம் கேரியரைத் திறந்தால் பெரிய டிராப்ட்ஸ்மேன் மாயவன் கையை நீட்டுவார். "தங்கச்சி கைக்குத் தங்கக் காப்பு போடணும்யா" என்பார். கண்ணகியும் வந்த பேரை வேண்டாம் என்று சொல்லவில்லை.

எண்பத்தேழாம் வருசம் இடஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் நடந்தது. உளுந்தூர்பேட்டையிலிருந்து இந்தப் பக்கம் வரைக்கும் ரோட்டில் மரம் வெட்டிப் போட்டுவிட்டார்கள். ஒரு வாரம் பஸ் இல்லை, லாரி இல்லை, மார்க்கெட்டில் ஒரு தக்காளி இல்லை. தன் கூடப்பிறந்த தங்கச்சியின் வளைகாப்புக்குத் திருக்கோவிலூர் போன கண்ணகி அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

மூணாம் நாள் மாயவன் வழக்கம்போல் கேரியரை எட்டிப் பார்த்தார். சாமைச் சோறு, மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு, வாழைப்பூ வடை.

"யோவ், சம்சாரம் ஊர்ல இல்ல. ஓட்டலெல்லாம் பூட்டிக் கெடக்குது. இத யாருய்யா ஆக்கிக் குடுத்தா?"

நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. திருதிருவென்று முழித்துவிட்டு, "சின்ன வூட்டுல ஆக்குனதுண்ணே" என்றார் ராஜாங்கம்.

டைப் அடித்துக்கொண்டிருந்த ஷர்புன்னிசாவின் கை அப்படியே நின்றது. மாயவன் எடுத்த வடையை மறுபடி உள்ளே வைத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, எடுத்துத் தின்றுவிட்டார்.

மறுநாளே அதிகாரி இளஞ்செழியன் கூப்பிட்டு அனுப்பினார்.

"ராஜாங்கம், ஆபீசு பேரு கெடுது. கல்வராயன் மலையில சர்வே கேம்ப்பு ஆரம்பிக்குது. மூணு மாசம் வெள்ளிமலையில போய் இரு. அப்பதான் புத்தி வரும்."

ராஜாங்கத்துக்கு எதற்குப் பேர் கெடுது, எதற்குப் புத்தி வரணும் என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. அம்மியும் அடுப்பும்தான் கண் முன்னால் வந்தன.

"சார், சின்ன வூட்ட வுட்டுட்டு என்னால ஒரு நாள் இருக்க முடியாது சார்! எட்டு வருசப் பழக்கம். கண்ணகியே பாத்துப் பாத்து ஏற்பாடு பண்ணிக் குடுத்தது!"

இளஞ்செழியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டவே இல்லை.

மறியல் முடிந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய கண்ணகி, வீட்டுச் சாவி வாங்க நேராக ஆபீசுக்கு வந்தாள். மாயவன் ஓடிப்போய் நாற்காலி போட்டார்.

"தங்கச்சி, மனசத் தேத்திக்கம்மா. இவனுக்கு சின்ன வூடு இருக்குதாமே?"

"ஆமாண்ணே. ஓல மக்கிப்போய் ஒழுவுது. இந்த மழைக்குள்ள வேற கூரை போட்டுக் குடுக்கணும்."

"கூரையா?"

"பின்ன? அம்மி, அடுப்பு எல்லாம் நனையுதில்ல!"

மாயவன் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் கண்ணகிக்கு விசயம் உறைத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்து, எட்டு வருசம் வாங்கிய பேரை அங்கேயே கழற்றி வைத்தாள். "எனுக்கு ரசமே ஒழுங்கா வராதுங்க. அத்தினியும் இவரு ஆக்குனது."

ராஜாங்கம் படத்தாளுக்குள் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டார். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. சத்தம் கேட்டு வந்த இளஞ்செழியன் அவர் முதுகில் தட்டினார்.

"முன்னமே சொல்லக் கூடாதாய்யா? கேம்ப்புல பத்து பேரு. சமைக்க ஆள் கெடைக்காம அலையறேன். நாளையிலேர்ந்து மூணு வேளையும் நீதான்."

ராஜாங்கம் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். மூணு வேளை, பத்து பேர், அதிகாரி உத்தரவு. விடிகாலையில் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு கிண்டுகிற சுகத்தையும் ஆபீசு வேலையாக ஆக்கப் பார்க்கிறார்களே! வாழ்க்கையில் முதல் தடவையாக அதிகாரி முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"மலைக்கு வரேன் சார். எத்தினி கோடு வேணா இழுக்கறேன். அடுப்பத் தொட மாட்டேன்."

தொடவும் இல்லை. சமையல், மலைக்குக் கூட வந்த மாயவன் தலையில் விழுந்தது. அவர் வடித்த சாமைச் சோறு மேலே கஞ்சி, நடுவில் அரிசி, அடியில் கரி. அதையும் ராஜாங்கம் குறை சொல்லாமல் தின்றார்.

"எவ்ளோ உப்புன்னாவது சொல்லித் தொலையேன்யா" என்று மாயவன் கெஞ்சினார்.

"ட்யூட்டி நேரம்ணே." உப்பு கம்மி என்று வாசத்திலேயே தெரிந்தது. வாய் நமநமவென்றது. அடக்கிக்கொண்டார்.

ட்யூட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ராஜாங்கம் ஊருக்குக் கிளம்பினார். வண்டி நகரும்போது மாயவன் ஓடிவந்து ஏறினார். கையில் ஒரு காலிச் சாப்பாட்டுத் தட்டு. வந்து ராஜாங்கத்தின் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். நாலு வளைவு இறங்குகிற வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார் ராஜாங்கம்.

அப்புறம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

"கொழம்புக்கு மொச்ச போடட்டா, கத்திரிக்கா போடட்டாண்ணே?"